நாலு கால்

பக்கவாதத்துக்குப் பிறகு
கயாவின் தலை இடப்பக்கம் சாய்ந்தே இருக்கிறது,
எதையோ கேட்டுவிட்டு
என் பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

பழைய துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்குகிறேன்.
முன்கால் இரண்டு அதனுடையவை,
பின்கால் இரண்டு இப்போதைக்கு என்னுடையவை.
நாலு காலில்
மின்தூக்கிவரை போகிறோம்.

வலிப்பு வந்தால் தொடாதீர்கள்,
நொடிகளை மட்டும் எண்ணுங்கள் என்றார் டாக்டர்.
நேற்று விடியலில் எண்ணினேன்.
நாற்பத்தொன்றுக்குப் பிறகு
என்ன வரும் என்பது மறந்துவிட்டது.

காலை ஏழு, இரவு ஏழு, பாதி மாத்திரை.
மீன் உருண்டைக்குள் ஒளித்து வைத்தால்
உருண்டையைத் தின்று மாத்திரையைத் துப்புகிறது.
திருட்டுப் புத்தி பிழைத்துக்கொண்டது.
அன்றைக்குத்தான் நானும் சாப்பிட்டேன்.

எதிர்வீட்டு ரொஹானா
நாயைக் கண்டால் அடுத்த மின்தூக்கிக்கு நிற்பவர்.
இன்று சுவரோடு ஒட்டிக்கொண்டு
குடை நுனியால் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தார்,
நாங்கள் தள்ளாடி வந்து சேரும்வரை.
கதவு மூடியபோதும் அவர் வெளியேதான்.

ஈசூன் புளோக்கின் ஈரப் புல்லில்
இடப்பக்கமாகவே சுற்றியது,
ஒன்று, இரண்டு, மூன்று வட்டம்.
திடீரென்று
துண்டு என் கையில் தொய்ந்தது.
கனமில்லை.

எண்ணினேன். நான்கு நொடி.

பிறகு பொத்தென்று உட்கார்ந்து
ஒரு மைனாவை முறைத்தது.