சிறுத்தை நடமாட்டம்

அரவேணுக்குக் கீழே ஒரு நடுநிலைப்பள்ளி, எட்டாம் வகுப்பு.
கரும்பலகையில் கருஞ்சிறுத்தை என்று எழுதினேன்.
பதினாறு பேர், பதினாறு கையும் மேலே.
"பாத்திருக்கேன் சார், தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல."
"எங்க லயத்து நாயைத் தூக்கிட்டுப் போயிருச்சு."
"அது வேற சாதியெல்லாம் இல்ல சார், அதே சிறுத்தைதான்.
தோலு மட்டும் கறுப்பு. வெயில்ல பாத்தா புள்ளி தெரியும்."
இது துவாரகன். வேட்டைத் தடுப்புக் காவலர்களோடு
டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்.

நான் சொல்ல வந்தது வேறு.

கடல்களுக்கு அப்பால் ஓக்லண்ட் என்றொரு துறைமுக ஊர்.
அங்கே கறுப்பர்கள் சிலர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் இது.
தோல் கோட்டு, சாய்த்துப் போட்ட தொப்பி,
ஆமாம், துப்பாக்கியும்.
அதை மறைத்துச் சொல்லத் தோன்றவில்லை.
பாடப்புத்தகத்தில் துப்பாக்கியும் இல்லை, முட்டையும் இல்லை.
"முட்டையா சார்?"
முட்டைதான். பள்ளி மணிக்கு முன்னால்
ஒரு சர்ச் சமையல்கட்டில் அடுப்பு மூட்டி,
வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகளை உட்காரவைத்து
முட்டை, ரொட்டி, ஒரு டம்ளர் பால்.
பசித்தவனுக்குக் கணக்கு ஏறாது,
அவ்வளவுதான் அவர்கள் சொன்னது.
அரசாங்கம் கோப்பில் ஆபத்து என்று எழுதிக்கொண்டது.

வகுப்பு அமைதியானது.
அந்த அமைதியின் வயிறு எனக்குத் தெரியும்.
கீழ்ப்பிரிவு லயத்திலிருந்து நாலு கிலோமீட்டர்.
ஏழரைக்கு அம்மாக்கள் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும்,
பிள்ளைகளுக்கு ஒரு மடக்குச் சாயத்தண்ணி.
ஐந்தாம் வகுப்புவரை பள்ளியில் காலை உப்புமா உண்டு.
ஆறாம் வகுப்புக்குப் போனால் பசி நின்றுவிடும் என்று
யாரோ எங்கோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை. மேகம் வராந்தாவரை ஏறியிருந்தது.
உப்புமா வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை.
கோஷமில்லை. கையில் வெறும் தட்டு.
முன்னால் நிரோஷினி. தட்டின் அடிப்புறத்தில்
காம்பஸ் முனையால் கீறிய நாலு கால், ஒரு நீள வால்.
காது மட்டும் பூனைக்காதாக வந்துவிட்டது.

சமையல்காரர் பாக்கியசீலியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.
அறுபத்திரண்டு பேர், அறுபத்திரண்டு பேருக்கு அளந்த ரவை.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.
"சிறுத்தைப் பாடம் நடத்துனீங்களாமே?"
எனக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளம்,
பத்தாயிரம், மூன்று மாதப் பாக்கி.
"வன உயிரின வாரம் சார்" என்றேன்.
யோசிக்கக்கூட இல்லை. நாக்கில் தயாராக இருந்தது.
மூன்றடி தள்ளி நிரோஷினி.
கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை.
தட்டைத் திருப்பி
கீறலை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்,
என்னைக் காப்பாற்றத்தான் என்று
நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

சுவரில் வனத்துறை ஒட்டிய நோட்டீஸ்.
அதைத் தட்டிக் காட்டி அதட்டினார் தலைமையாசிரியர்:
"இந்தப் பனியில, இவ்வளவு சீக்கிரம்!
ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாதா?"

துவாரகன் படித்தான், உரக்க.
"சிறுத்தை நடமாட்டம் உள்ளது.
குழந்தைகளைத்
தனியே
அனுப்ப வேண்டாம்."

பிறகு சொன்னான்:
"தனியா வரல சார்.
பதினாறு பேரும் சேந்துதான் வந்தோம்."

பாக்கியசீலி ஒன்றும் பேசவில்லை.
அண்டாவில் இரண்டு சொம்பு வெந்நீர் ஊற்றிக் கிளறினார்.
கஞ்சி மாதிரி இருக்கு என்று
இரண்டாம் வகுப்புக்காரன் ஒருவன் அழுதான்.
எட்டாம் வகுப்பு நின்றபடியே தின்றது.
வழித்துக்கொண்டிருந்த கரண்டி
கடைசியில் என் பக்கமும் நீண்டது.

பசியில்லை என்றேன்.