செசி நம்பர்

ஞாயிறு காலை, வெள்ளவத்தை,
எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளம்.
பொனட்டைத் தூக்கி, டோர்ச் அடித்து,
பழைய பல்துலக்கியால் அழுக்கைத் தட்டித் தட்டி
ஒவ்வோர் எழுத்தாகச் சொல்கிறேன்.
மகள் போனில் பதிகிறாள்.
எட்டா அம்மா, பீயா?
விரலால் தடவினேன்.
பீக்கு முதுகு நேர். இதற்கு இல்லை.
எட்டு.

வாங்கி ஆறு வருஷம்.
சீற்றுக்கு உறை போட்டேன்,
டாஷ்போர்டில் ஒரு சின்னப் பிள்ளையார் ஒட்டினேன்,
லீசிங் முடிந்த அன்று தேங்காய் உடைத்தேன்.
இந்த எண்ணை ஒருநாளும் வாசித்ததில்லை.
நம்பர் பிளேட்தான் இதன் பெயர் என்றிருந்தேன்,
அது இங்கே வந்தபின் வைத்தது.

என்னையும் ஒரு காலம்
பஸ்ஸிலிருந்து இறக்கி, அடையாள அட்டையைத் திருப்பி,
டோர்ச் அடித்து எண் வாசித்தார்கள்.
அவர்கள் தேடியது வேறு.

ஜப்பானில் ஏதோ ஒரு வீட்டுக்குக் கடிதம் போயிருக்கும்.
"உங்கள் வாகனத்தைக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்."
முதல் சொந்தக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
கார் இப்போது என்னிடம் இல்லையே என்று
மடித்து வைத்திருப்பார்.
அதற்குள் அது கப்பலேறி
அம்பாந்தோட்டையில் இறங்கிவிட்டது,
யாராலும் வாசிக்க முடியாத கையேட்டோடும்
ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம்
ஏதோ சொல்லும் ஒரு பெண்குரலோடும்.
கார்ட் போடவில்லை என்கிறாளாம்.
ஆறு வருஷமாக நானும்
சரி பிள்ளை, சரி பிள்ளை என்று
கியர் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

கந்தோரில் ஷியாமளாதான் சொன்னாள்:
காற்றுப்பையை ஊதுகிற தகரக் குடுவை.
வருஷக்கணக்காகப் புழுங்கினால்
உள்ளே இருக்கிற மருந்து பழுதாகும்,
இடிபடும் நேரம் குடுவையே வெடித்து
சன்னமாகப் பறக்கும்.

புழுக்கம்.
கொழும்பில் வேறென்ன இருக்கிறது.
சன்னம் என்றால் என்னவென்றும்
எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

எண் முழுவதும் போட்டாயிற்று.
போன் சுற்றுகிறது. சுற்றுகிறது.
கீழ்த்தளத்தில் சிக்னல் ஒற்றைக் கோடு.
பிறகு இரண்டு வரி:
காற்றுப்பை. பயணி பக்கம்.
திருத்தம் செய்யப்படவில்லை.

பயணி பக்கம்,
காலைத் தூக்கி வைத்துக்கொண்டு
பள்ளிக்கூடம் வரைக்கும்
இவள் பணிஸ் சாப்பிடுகிற பக்கம்.

பஞ்சிகாவத்தை நிஹால் பாஸ் போனில் சிரித்தார்.
ஃபியூஸைக் கழற்றி லைட்டையும் அணைத்துவிடுகிறேன்,
இரண்டாயிரம் ரூபாய், தலையிடி இல்லை.
வேண்டாம் பாஸ், லைட் எரியட்டும்.
ஏஜென்சியில் சிங்களத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு,
மூன்றை அழுத்திக் காத்திருந்தால்
இரண்டே பேசுகிறது.
நாங்கள் விற்ற வாகனம் இல்லையே மேடம் என்றான்.
நம்பர் உங்கள் கம்பனி அடித்த நம்பர்தானே என்றேன்.
கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டான்.
சாமான் வரவேண்டும், வந்தால் எடுப்போம்.
எப்போது?
மறுபடி பாட்டு.
பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன், திகதியையும்.

அதுவரை மகள் பின்சீற்றில்.
பக்கத்து சீற்றில் ஃபைல், குடை, சாப்பாட்டுப் பை.
எங்கே போகவேண்டும் மிஸ், என்று கேட்கிறேன்.
மீற்றர் போடுங்கள் என்கிறாள்,
கண்ணாடியில் முகம் மட்டும் தெரிய.

தூண் இருபத்திரண்டில் இதே மொடல், வெள்ளை.
யாருடையது என்று தெரியாது.
லிஃப்டில் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான்.
பில் ஒன்றின் பின்பக்கத்தில்
தமிழில் எழுதினேன், கீழே தெரிந்த அளவு சிங்களத்தில்,
வைப்பரைத் தூக்கிச் செருகினேன்:

உங்கள் காருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது.
பொனட்டைத் திறந்து எண்ணைப் பாருங்கள்.
எட்டையும் பீயையும்
விரலால் தடவிப் பாருங்கள்.