அலாரத்தின் வாயில் பிளாஸ்டர்

வெளிநாட்டு ஊசிப் பம்ப் ஒன்று ஏழு இலட்சம்.
எங்களுடையது நாற்பத்தொன்பதாயிரத்தில் முடிந்தது,
பேரம் பேசிய மூன்று மத்தியானங்களைக்
கணக்கில் சேர்க்காவிட்டால்.

மோட்டர், பழைய போட்டோகொப்பி மெஷினின்
வயிற்றிலிருந்து.
எதுக்குத் தம்பி என்றார் புறக்கோட்டைக் கடைக்காரர்.
குழந்தைக்கு மருந்து தள்ள, என்றான் நிதுர்ஷன்.
நீண்டநேரம் மோட்டரையே பார்த்திருந்துவிட்டு
இருநூறு ரூபாய் குறைத்தார்.

பட்டம் முடித்த ஆறு பேர்.
ஆஸ்பத்திரியின் பழைய சலவை அறைதான் பட்டறை,
சுவரில் இன்னும் சவர்க்கார வாசம்.
கழுத்து அட்டையில்: பயிலுநர்.
என் சான்றிதழ் வெள்ளவத்தை வீட்டில்
கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தது.

மணித்தியாலத்துக்கு ஒரு மில்லிலீட்டர்.
தாளில் எழுதினால் ஒரு வரிகூட இல்லை.
அதை விக்காமல் நகர்த்தப்
பதினோரு வாரம்.
தண்ணீரைச் சொட்டுச் சொட்டாய்த் தராசில் நிறுத்தோம்.
மின்விசிறிக் காற்றில் தராசு பொய் சொன்னது;
விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்தோம்.
மின்வெட்டு வந்தால் கைதட்டினோம்,
பற்றரி எவ்வளவு தாங்கும் என்று பார்க்கலாமே.

பிறகு, வார்டில் நாலாம் நாள்,
அலாரத்தின் வாயில் பிளாஸ்டர்.
மூன்று மடிப்பு, நன்றாக அழுத்தி.

ஒட்டியது ருவினி மிஸ். மறைக்கவில்லை.
"பொய்க்குக் கத்துது. ராத்திரி பதினேழு தரம்.
பதினெட்டாவது உண்மையெண்டால்
நான் எப்பிடி எழும்பி ஓடுவன்?"
சிங்களத்தில்தான் சொன்னார்.
நஸ்மிலா மொழிபெயர்க்க வாயெடுத்தாள்.
வேண்டாம், விளங்கிற்று என்றேன்.

அன்றிரவு கொப்பியோடு உட்கார்ந்தேன்.
ஒன்று பத்து: கத்தல்.
ஒன்று நாற்பது: கத்தல்.
தொட்டிலில் இன்னும் பெயரில்லாத பிள்ளை,
மணிக்கட்டுப் பிளாஸ்டரில் 'ஃபர்சானாவின் மகள்'
என்று மட்டும்.
அதே சுருளில் கிழித்த துண்டுதான்
எங்கள் மெஷினின் வாயிலும்.
மருந்துத் தள்ளுவண்டி வந்தது.
உடைந்த தரையோட்டில் சில்லு ஏறி இறங்கியது.
இரண்டு இருபத்தைந்து: கத்தல்.

குமிழி தேடும் கண்ணை
நேராகப் பெட்டியில் முறுக்கியிருந்தது நான்.
வரைபடத்தில் தரை தட்டையாக இருந்தது.

காஸ் அடுப்பு ரப்பரில் நான்கு வளையம் வெட்டினோம்.
செலவு அறுபது ரூபாய்.
தரையோட்டுக்கும் கடிதம் கொடுத்தோம்,
அது இன்னும் ஏதோ மேசையில் கிடக்கிறது.

பிளாஸ்டரை உரித்த இரவு
முழங்கால்கள் இடிக்க வெளி வாங்கில் ஆறு பேர்.
வண்டி போனது. ஒன்றுமில்லை.
திரும்பி வந்தது. ஒன்றுமில்லை.
நிதுர்ஷன் வேலை செய்யாமலே போய்விட்டதோ என்று
நகம் கடித்தான்.

மூன்று ஐந்துக்குக் கத்தியது.
செருப்புச் சத்தம் ஓடியது.
கதவைத் தள்ள எங்களில் எவருக்கும் கை வரவில்லை.

மருந்து முடிந்திருந்தது, அவ்வளவுதான்.
புது ஊசி மாட்டிவிட்டு வெளியே வந்த மிஸ்
சட்டைப் பையிலிருந்த பிளாஸ்டர் சுருளை
வாங்கின் ஓரத்தில் வைத்தார்.
பிளேன்ரீ இருக்கா, என்றார்.