பதினாலு நிமிஷம்

கச்சேரியில் கணக்குப் பார்க்கிறவள் நான்.
திங்கள் இரவு, சொக்ஸ் ஊறும் வாளிக்குப் பக்கத்தில்
கொப்பியை விரிக்கிறேன்.

இந்தத் தவணைக்குள் ஆறு பயணம்.
குருநாகல் இரண்டு, கண்டி ஒன்று, யாழ்ப்பாணம் ஒன்று,
நீர்கொழும்புக்குப் போய் மழையால்
பந்தைத் தொடாமல் திரும்பியது ஒன்று,
பொலன்னறுவை (அதைத் தூரம் என்று சொல்லக் கூடாதாம்).
வான் கூலியில் என் பங்கு, சோத்துப் பார்சல்,
சத்திக்குப் புளி டொபி,
இரண்டாயிரத்து அறுநூற்று எழுபது கிலோமீற்றர்.
தனுர்ஷன் மைதானத்துக்குள் நின்றது
எல்லாம் சேர்த்துப் பதினாலு நிமிஷம்.

வகுத்துப் பார்த்தேன். வகுத்திருக்கக் கூடாது.
ஒரு நிமிஷம் விளையாட
கல்லடியிலிருந்து கண்டி வரைக்கும்.

வெள்ளி இரவு பத்துக்குப் பாலத்தடியில் வான் வரும்.
பதினெட்டுப் பிள்ளைகள், பதினாலு சீற்.
யாருடைய கால் யாருடைய மடியில் என்று தெரியாது.
வாழைச்சேனையில் தூங்கி
வெலிக்கந்தையில் சத்தி எடுத்து
ஹபரணையில் ஒருக்கா
அவனுடைய கடைசிப் பாற்பல் விழுந்தது.
"கூரையில எறியோணும் அம்மா."
கூரைக்கு எங்கே போவது?
இறங்கி நின்று வானுக்கு மேலால் வீசினான்.
அந்தப் பக்கம் விழுந்த சத்தம்கூட வரவில்லை.

அந்தப் பல்லை எந்த நிரலில் எழுதுவது?

குருநாகலில் நாலு நிமிஷம்.
பந்து இரண்டு தரம் அவனிடம் வந்தது.
ஒன்று, கோட்டுக்கு வெளியே நின்று கையால் எறிந்தது.
மற்றதில் அவர்களுடைய ஏழாம் இலக்கம்,
முழங்கால்வரை சொக்ஸ் இழுத்த ஒல்லிப் பொடியன்,
இடத்தோளைச் சரித்து
வலப்பக்கத்தால் போய்விட்டான்.
என் மகன் காற்றை மறித்துக்கொண்டு நின்றான்.

அக்கா கேட்கிறா, இந்த அலைச்சல் என்னத்துக்கு?
இவர் சொல்கிறார், உலகம் தெரியட்டும்.
(மின்சார சபையில் இரவு வேலை. ஒரு பயணமும் வந்ததில்லை.)
உலகம் என்பது
ஏதோ பாடசாலை மண்டபத்துச் சீமெந்துத் தரை,
சிங்களத்தில் தண்ணீர் கேட்கப் பழகியது,
கொப்பளம்.
அன்ஸ்லம் சேர் சொல்கிறார்,
பன்னிரண்டுக்குள்ள கால் பழகாட்டி
பிறகு ஏலாது மிஸ்.
அவர் ஒரு சதம் எடுப்பதில்லை.
அதனால் கோபிக்கவும் வழியில்லை.

நேற்றுத் திரும்பி வருகையில் யானை.
லைட்டை அணைத்துவிட்டு நின்றோம்.
எல்லாரும் நித்திரை, இவன் மட்டும் முழிப்பு.
"அடுத்த கிழமையும் போவமா?"
இருட்டில் முகம் தெரியவில்லை.
ஆசையில் கேட்டானா, பயத்திலா?
அந்த 'மா'வைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.
யானையைப் பார் மனே என்றேன்.

இன்று பின்னேரம் கடற்கரை.
செருப்பு நாலு, கோல் இரண்டு.
வலை காயும் பக்கம் போனால் அவுட்.
சேர் இல்லை, விசில் இல்லை, வாங்கில் யாரும் இல்லை,
வாங்கே இல்லை.
வடை சுற்றிய பேப்பரில் கோடு போட்டு எண்ணினேன்,
பந்து அவன் காலில் படும் ஒவ்வொரு தரத்தையும்.
நாற்பத்தேழில் ஒரு நாய் புகுந்து
எல்லாம் குழம்பிப் போயிற்று.
இதற்கு டீசல் தேவையில்லை என்று நினைத்தேன்.
கணக்கு முடிந்தது என்றும் நினைத்தேன்.

அப்போது இவன் இடத்தோளைச் சரித்தான்.
கேதுஷன் அந்தப் பக்கம் பாய
இவன் வலப்பக்கத்தால், மணலில்,
சிரித்துக்கொண்டு.

வாங்கில் குந்தியிருந்த நேரம் முழுக்க
அந்த ஒரு தோளைத்தான் பார்த்திருக்கிறான்.
அந்த மணித்தியாலங்களை
நான் எங்கும் எழுதவில்லை.

பத்தரை. சேரின் மெசேஜ்:
வெள்ளி திருகோணமலை. வாறாக்கள் பேர் போடுங்க.
ஒன்பது பேர் விழுந்துவிட்டது.
தனுர்ஷன் என்று எழுதினேன். அழித்தேன்.
'ன்' மட்டும் அழியாமல் நின்றது, அதையும் அழித்தேன்.
அவனையே கேட்கலாம் என்று போனேன்.

வாயைத் திறந்தபடி தூங்குகிறான்.
பல் விழுந்த இடத்தை
நாக்கு தேடிக்கொண்டிருக்கிறது.