ஒன்பது பத்து வண்டி

கூட்டத்தை ஒன்பதேகாலுக்கு வைத்தது
தற்செயல் இல்லை.
குறிப்பேட்டில் இதை எழுதவில்லை,
இங்கே எழுதுகிறேன்.

எல்ம்ஸ்டெட்டைத் தண்டவாளம் இரண்டாக அறுக்கிறது.
இந்தப் பக்கம் நகர்மன்றம், பள்ளிக்கூடம், மதுக்கடை இரண்டு.
அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, நெடுஞ்சாலை,
அதைப் பிடித்துப் போனால் மினசோட்டாவின் மிச்சம்.
ஒன்பது பத்துக்குத் தானிய வண்டி வரும்,
நூற்றுப் பத்துப் பெட்டி.
பாதி நாள் நடு ஊரில் நின்று மூச்சு வாங்கும்.
நின்றால் இருபது நிமிஷம்.
ஒருமுறை நாற்பத்தாறு.
அன்றைக்கு கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஆம்புலன்ஸில் கிடந்தது
டுவேன் ஸ்ட்ராண்டின் மனைவி.
வண்டி நிற்கும்வரை சத்தத்தை வைத்தே
பெட்டிகளை எண்ணினாளாம். அறுபத்து மூன்று.
பிழைத்துக்கொண்டாள்.
இடது கை மட்டும்
சொன்ன பேச்சுக் கேட்பதில்லை.

மூன்றாம் வார்டு டுவேன்தான்
நேரத்தை முன்மொழிந்தார்:
"வரட்டும். அந்தப் பக்கம்
கொஞ்ச நேரம் நிற்கட்டும்."
ஆதரவு ஏழு. எதிர்ப்பு இல்லை.

ஏரி உறையத் தொடங்கிய வாரம்.
வண்டி வரவில்லை.

செனட்டர் ப்ரூக்ஹைசர் ஒன்பது எட்டுக்கே வந்து
கோட்டைக் கழற்றினார்.
"நெரிசலே இல்லாத ஊர், கொடுத்துவைத்தவர்கள்."
கவுண்டி ஆணையர் வெர்ல் ஆமுண்ட்சன்
இரண்டாவது டோனட்டை எடுத்தார்.
முதல்முறை ஜெயித்த லோர்னா தைஸன்
கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

பத்தொன்பது கோரிக்கைகளை வடிகட்டி
ஐந்தாக்கியிருந்தோம்.
சாக்கடைக் குட்டை, நூலகக் கூரை,
இன்னும் இரண்டு, நானே மறந்துவிட்டேன்.
முதலாவது மேம்பாலம்.
மேயர் படம் போட்டுக் காட்டினார்.
படத்தில் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா
யாராலும் சொல்ல முடியவில்லை.

"அது கவுண்டிச் சாலை" என்றார் செனட்டர்.
"மாநிலம் பணம் தராமல்
கவுண்டி எங்கே போகும்?" என்றார் வெர்ல்.
"தண்டவாளம் கம்பெனியுடையது,
கம்பெனி வாஷிங்டனுக்குத்தான் பதில் சொல்லும்"
இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.
சாலைக்கு ஒரு சொந்தக்காரன்,
தண்டவாளத்துக்கு ஒருவன்.
காத்திருப்பவன்தான்
யார் கணக்கிலும் இல்லை.

மரிசெல் ஒகாம்போ எழுந்து
பிள்ளைகள் பெட்டிகளுக்கு அடியில்
தவழ்ந்து பள்ளிக்கு வருவதைச் சொன்னாள்.
அறை கொஞ்சம் அமைதியானது.
காபிப் பாத்திரம் மட்டும் கொதித்தது.
"பார்க்கலாம்" என்றார் செனட்டர்.
அந்தச் சொல்லில் பார்வை எங்கே இருக்கிறது?
நான் அப்படியே எழுதிக்கொண்டேன்.

டுவேன் வாயே திறக்கவில்லை.
சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்,
வாக்குக் கொடுத்த சாட்சி
கோர்ட்டுக்கு வராமல் போனதுபோல.

பத்து இருபத்திரண்டுக்கு ஒத்திவைப்பு.
கைகுலுக்கல். ஒரு புகைப்படம்.
செனட்டரின் கார் தண்டவாளத்தைத் தாண்டியது,
பின்னாலேயே வெர்லின் டிரக்.

பத்து முப்பத்தொன்றுக்கு ஊளை கேட்டது.

வந்தது, ஊர்ந்தது, நின்றது.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு கார்.
கழற்றிய கையுறையில் ஒன்றைத் தொலைத்துவிட்டு
அதைத் தேடிப் பின்தங்கிய லோர்னா தைஸன்.
டுவேன் மிச்ச டோனட் பெட்டியோடு இறங்கிப் போனார்.
அவர் முகத்தில் வெற்றி இருந்ததா?
முதுகுதான் தெரிந்தது.
கண்ணாடி இறங்கியது. பெட்டி உள்ளே போனது.
இருவரும் ஏதோ பேசினார்கள்.
இரண்டு பேர் பேசினால் அது கூட்டம் ஆகாது,
அதனால் குறிப்பு இல்லை.

வண்டி ஒரு உலுக்கு உலுக்கி
மறுபடி நகர்ந்தபோது
காருக்குள் அவள் உதடுகள் அசைந்தன.
போனில் பேசினாளோ,
எண்ணினாளோ.