நாட்கணக்கு

படிவம் சிங்களத்தில் இருக்கிறது.
பிரதேச செயலகத்துப் பொடியன்
வரிவரியாய் விரல் வைத்துச் சொல்கிறான்:
"தொண்டர் படைக்கு வருசக்கணக்கு இல்லை அம்மா,
நாட்கணக்கு.
எத்தனை நாள் சேவை செய்தவர்?"

தொண்டர்.
சம்பந்தம் பேசி வந்த அன்று
அந்தச் சொல்லைக் கேட்டு
மாமாங்கத்தில் மோர் வார்க்கிற ஆள் என்றுதான்
என் தாய் நினைத்தா.
வேலாப்போடி நவரெத்தினம்:
கச்சேரியில் காணிப் பகுதி எழுதுவினைஞர்,
சனிக்கிழமைகளில் இரண்டாம் லெப்டினன்ட்.
கஞ்சி போட்ட காக்கிக் காற்சட்டை
உள்ளே ஆள் இல்லாமலே நிற்கும்.
அதைக் கண்டுதான் ஓம் என்றேன்.
இதை இந்தப் பொடியனிடம் எப்படிச் சொல்ல?

கோட்டைக்கு முன்னால் அணிநடை, மாதம் நாலு.
தியத்தலாவை முகாம், வருசம் பதினாலு நாள்.
அங்கிருந்து ஒரு கூடை பேரிக்காயும்
மூன்று புதுச் சிங்களத் தூசணமும் கொண்டு வருவார்.
பேரிக்காய் எனக்கு.

எழுபத்தொன்றில் கூப்பிட்டார்கள். எழுபத்தாறு நாள்.
இங்கினியாகலையில் மின்நிலையக் காவல்.
ஹிங்குராணைக் கரும்புக்குள்
ஒரு பிள்ளையைக் கண்டாராம், மீசை வராதது,
கையிலிருந்த கட்டுத்துவக்கை
விறகு மாதிரிப் பிடித்திருந்ததாம்.
"வாய்க்காலில் போடு.
சட்டையை மாற்று. தாயிடம் போ."
மாற்ற அவனிடம் வேறு சட்டை இல்லை.
இவருடைய பெனியன் அன்று முகாமுக்குத் திரும்பவில்லை.
குறிப்பேட்டில் எழுதியது: விசேடம் ஒன்றுமில்லை.

கப்டன் ஆனது ஆள் தட்டுப்பாட்டால்.
அவரே சொல்வார்.

சூறாவளிக்குக் கூப்பிடவில்லை.
எழுபத்தெட்டுக் கார்த்திகை,
கூப்பிடத் தந்திக் கம்பியும் இல்லை.
எங்கள் கூரை வாவிக்குள் கிடந்தது.
பெட்டியைத் திறந்து
ஈர யூனிபோமை அப்படியே மாட்டிக்கொண்டு
கல்லடிப் பாலத்தடியில் போய் நின்றார்.
ஒன்பது பேர் தாங்களாக வந்தார்கள்.
விழுந்த தென்னைகளைத் தறித்துத் தறித்துக்
காத்தான்குடி வரை வழி திறக்க நாலு நாள்.
தென்னைகளை எண்ணினார்,
அவற்றின் கீழே கிடந்தவர்களை எண்ணவில்லை.
"கட்டளைக் கடிதம் இருக்கா?"
இல்லை.
"அப்ப அதை எழுதேலாது அம்மா."

சரி.

எண்பத்துமூன்று ஆடிக்குப் பிறகு
ராஜினாமா இரண்டு வரி.
பதில் ஒரு வரி.
யூனிபோமை நான்தான் கிணற்றடியில் எரித்தேன்.
பித்தளைப் பொத்தான்கள் எரியாது,
புளியடியில் தாட்டேன்.
ஓர் இரவு பொடியன்கள் வந்தார்கள்.
"ஐயா, வரைபடம் பார்க்கச் சொல்லித் தருவீங்களா?"
"மறந்து போச்சு தம்பிமார்."
இருபத்தைந்து வருசம் காணி வரைபடத்தோடு
சாப்பிட்டு நித்திரை கொண்ட மனிசன்.

மறுகா, தொண்ணூறு.
சுற்றிவளைப்பு. பள்ளிக்கூடத் திடலில் வரிசை.
சாக்கு மூடின தலையாட்டி
இவரைக் கடந்து போய்விட்டான்.
தப்பியாச்சு.
பின்னால் ஓர் இளம் அதிகாரி வந்தான்,
தோளில் ஒற்றை நட்சத்திரம்.
மனிசன் அறியாமலே
குதிகால்கள் இரண்டும் சேர்ந்துகொண்டன.
பெருவிரல்கள்
சாரத்தில் இல்லாத தையலைத் தேடிப் போயின.
அதிகாரி முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான்.
"பயிற்சி எடுத்தவன். எங்கே?"
"தியத்தலாவையில்" என்றாராம் நல்ல சிங்களத்தில்.
எல்லோரும் சிரித்தார்களாம்.

பதினொரு நாள்.
வந்த பிறகு
அந்தக் குதிகால்களை நிலத்தில் ஊன்ற
மாரி முழுக்க எடுத்தது.

பொடியன் கூட்டிப் பார்க்கிறான். குறைகிறது.
நல்ல பிள்ளை, மறுபடியும் கூட்டுகிறான்.
"வேறே ஏதாவது முகாமில் இருந்தவரா?
யோசிச்சுச் சொல்லுங்க அம்மா,
ஒரு கிழமை போதும்."

"ஓம் மகன்,
இருந்தவர்.
திகதி தெரியும்.
கடிதம் ஒன்றும் தரவில்லை."