கடிகாரவாரின் நான்காம் துளை

க்ரிம்ஸ்பி துறைமுகத்தில்
காலை நாலு நாற்பதுக்குக் கைப்பேசி அதிர்கிறது.
மார்லீன் அதற்கு முன்பே விழித்திருக்கிறாள்.
அதிராத நாட்களிலும்
அதே நேரத்துக்கு விழித்துக்கொள்கிறது உடம்பு,
ரத்துசெய்த ரயிலுக்கும்
கேட்டை மூடிவைத்துக் காத்திருக்கும் காவலாளி போல.

'இன்று ஷிப்ட் உண்டு. வருவதானால் ஒன்றை அழுத்தவும்.'
அழுத்துகிறாள்.
அழுத்தாவிட்டால் யாரும் திட்டப்போவதில்லை.
அடுத்த வாரம் முழுக்க அதிராது,
அவ்வளவுதான்.

ஹேடக் மீன். தோலுரித்து முள்ளெடுத்து
பனிக்கட்டிமேல் கிடத்த வேண்டும்.
எட்டு மணி நேரம் என்று வந்தவர்களில்
ஆறு பேரைப் பதினொரு மணிக்கே திருப்பி அனுப்பினார்கள்.
லாரி ஒன்று வரவில்லையாம்.
பஸ் காசு போக மார்லீனுக்கு மிஞ்சியது
ஒரு ரொட்டியும்
மின்சார மீட்டருக்குள் போட ஐந்து பவுண்டும்.

"ஒண்ணுமே இல்லாததற்கு இது..."
என்று ஆரம்பிப்பாள்.
அந்த வாக்கியத்தை அவள் முடித்து
நான் கேட்டதில்லை.

குளிக்கும்போது கைப்பேசி
பிளாஸ்டிக் உறைக்குள் சோப்புக்குப் பக்கத்தில்.
சிநேகிதியின் கல்யாணத்துக்கு வருகிறாயா என்றால்
பார்க்கலாம்.
சனிக்கிழமை மீன்பிடிக்கப் போவோமா என்று தம்பி கேட்டால்
பார்க்கலாம்.
ஓய்வு நாள் என்று ஒன்று வந்தாலும்
அது முடிந்த பிறகுதான் தெரிகிறது
ஓய்வாக இருந்திருக்கலாம் என்று.

அதே கட்டடம், மேல்மாடி.
கணக்குப் பிரிவு ஃபிலிப்பாவுக்கும்
நெகிழ்வான வேலை நேரம்தான்.
புதன்கிழமைகளில் மூன்று மணிக்கே கிளம்பி
மகளை நீச்சலுக்குக் கூட்டிப் போகிறாள்.
ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது,
முகத்தில் தூங்கி எழுந்த களை.
அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.
அந்தப் புதன்கிழமை
கீழ்த்தளத்துக்கும் இறங்கி வரலாமே என்பதுதான்.
இரண்டு பேர் ஒப்பந்தத்திலும் ஒரே சொல்.
ஒருத்திக்கு அது கூந்தல் கட்டும் ரப்பர்.
இன்னொருத்தியைக் கல்லாக வைத்து
இழுத்து விடும் உண்டிவில்.

முழங்கால் வீங்கியபோது
மருத்துவமனை தேதி கொடுத்தது:
மார்ச் பதினெட்டு, காலை ஒன்பது இருபது.
மார்லீன் சிரித்துவிட்டாள்.
ஏழு வாரம் தள்ளி இருக்கும் ஒரு காலையை
இவர்களால் எப்படிப் பார்க்க முடிகிறது!
நாளைக் காலையை
நாளைக் காலைதான் அவளுக்குச் சொல்வார்கள்.

பதினெட்டாம் தேதி அதிர்ந்தது.
அழுத்தினாள்.
முழங்கால் வரிசையின் கடைசிக்குப் போயிற்று.

நெகிழ்வு என்று எழுதிவிட்டு
இங்கே கொஞ்சம் நின்றுவிட்டேன்.
இந்த மொழியில் அது பழைய சொல்.
காத்திருந்து காத்திருந்து முன்கை மெலிய
வளை நெகிழும்.
மார்லீன் வளையல் போடுவதில்லை.
அவள் கடிகாரத் தோல்வாரில் கடைக்காரன் போட்டது மூன்று துளை.
நான்காவதைக் கத்தரிக்கோல் முனையால்
அவளே குத்திக்கொண்டாள்.
யார் வராததால் இந்த மெலிவு?
பெயர்கூட இல்லை அதற்கு.
திரையில் வெறும் எண்.

பக்கத்து மேசை ராமுனேவுக்குப் பிப்ரவரியில்
வேலை நிரந்தரமானது.
செவ்வாய் முதல் சனி வரை, ஆறிலிருந்து இரண்டு.
முதல் வாரம் அவளுக்குத் தூக்கமே வரவில்லை,
அமைதி பழகவில்லை.
மூன்றாம் வாரம்
பல் மருத்துவரிடம் நேரம் வாங்கினாள்.
உணவறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில்
மே மாதம் வரை புரட்டி
அதைப் பேனாவால் எழுதினாள்.

எல்லோரும் போன பிறகு மார்லீன்
கையுறையைக் கழற்றி
அந்த எழுத்தை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள்.
அழியவில்லை.